ஸ்ட்ரீம் கணக்கில் அவ்வப்போது எண்ணிக்கை கூடுகிறது: டிஎல்ஏ பிளஸ் மாதிரியான ஃபார்மல் மெத்தட்ஸ் இதற்கு உதவுமா?

கடைசி_ஆஃப்செட் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ப்ரோகிராம் காஃப்காவிலிருந்து (நிகழ்வுகளை வரிசையாகச் சேமித்துக் கொடுக்கும் சிஸ்டம்) நிகழ்வுகளைப் படிக்கிறது. ஒவ்வொரு சாதனமும் 5 நிமிட விண்டோவுக்குள் எத்தனை சிக்னல் அனுப்பியது என்று எண்ணி, விண்டோ முடிந்ததும் முடிவை வெளியே எழுதுகிறது. வேலை இவ்வளவுதான். ஃப்ளிங்க் மாதிரி ரெடிமேட் ஸ்ட்ரீம் இன்ஜின் எதுவும் இல்லை, காஃப்காவிலிருந்து படிக்க நாங்களே எழுதிய கன்ஸ்யூமர்.

30 நொடிக்கு ஒருமுறை இரண்டு காரியம் நடக்கும். முதலில் மெமரியில் உள்ள எண்ணிக்கைகளை டிஸ்க்கில் சேமிப்போம். அப்புறம் காஃப்காவில் ஆஃப்செட்டை, அதாவது எதுவரை படித்தோம் என்ற இடத்தை, கமிட் செய்வோம் (பதிந்து வைப்போம்). சேமித்துவிட்டு கமிட் செய்வதற்குள் ப்ரோகிராம் விழுந்தால், சேமித்த கணக்கில் ஏற்கெனவே சேர்ந்த நிகழ்வுகள் மறுபடி வரும். அது எங்களுக்குத் தெரியும். அதற்காகவே பார்த்த நிகழ்வுகளின் ஐடியை 10 நிமிடம் வைத்திருந்து, மறுபடி வருவதைத் தள்ளிவிடுகிறோம். அந்த ஐடி பட்டியலும் எண்ணிக்கையோடு சேர்ந்தே டிஸ்க்குக்குப் போகிறது.

ஆனாலும் கடந்த மூன்று மாதத்தில் நான்கு முறை சில விண்டோக்களில் எண்ணிக்கை கூடுதலாக வந்திருக்கிறது. தினமும் இரவில் ஒரு பேட்ச் ஜாப் மூல நிகழ்வுகளை முதலிலிருந்து எண்ணி ஒப்பிடும். அது சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

டெஸ்ட் இல்லாமல் இல்லை. ப்ரோகிராமை நடுவில் கில் செய்து, உடனே மறுபடி எழுப்பி, கணக்கு சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட்டினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

என் கேள்விகள்: இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்க ஃபார்மல் மெத்தட்ஸ் (ப்ரோகிராமின் நடத்தையைக் கணித மொழியில் எழுதிச் சோதிக்கும் முறைகள், டிஎல்ஏ பிளஸ் அப்படி ஒரு மொழி) உண்மையிலேயே பயன்படுமா, அல்லது அது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்களுக்கு மட்டுமா? முடிவே இல்லாத ஸ்ட்ரீமுக்கு ‘விடை சரி’ என்பதை எப்படி எழுதுவது? எங்கிருந்து தொடங்குவது? டீம் லீட் இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார், அதுவும் அரை மனதோடு.

பழைய_பேட்ச் எழுதியது:

நேராகவே சொல்கிறேன். மாடல், அதாவது ப்ரோகிராமின் கணிதச் சுருக்கம், எழுதுவது ஒரு வேலை, கோட் எழுதுவது இன்னொரு வேலை. மாடல் சரி என்று நிரூபித்தால் மாடல்தான் சரி. உங்கள் கோட் எங்கே என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டு வாரம் கையில் இருந்தால் ப்ராப்பர்ட்டி டெஸ்ட் (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதைச் சொல்லி, குத்துமதிப்பான உள்ளீடுகளால் சோதிப்பது) எழுதுங்கள். அதற்கான குவிக்செக் கருவி 2000-லேயே வந்துவிட்டது, இன்று அதன் வாரிசு இல்லாத மொழியே கிடையாது. நிகழ்வுகளைக் கலைத்துப் போட்டு, நடுநடுவே விழவைத்து, முடிவை பேட்ச் கணக்கோடு ஒப்பிடுங்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான் ஒன்றைப் பிடித்தோம். தசம எண்களைக் கூட்டும் இடம் அது. ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் விடையும் கடைசி இலக்கத்தில் மாறும் என்பதை எல்லோரும் படித்திருப்போம், மறந்திருப்போம். இரண்டு பார்ட்டிஷனிலிருந்து (காஃப்கா நிகழ்வுகளைப் பிரித்து வைக்கும் தனித்தனிப் பகுதிகள்) வந்து சேரும் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு, எனவே மொத்தமும் வேறு. முழு எண்களை மட்டும் வைத்து எழுதிய மாடல் இதை ஜென்மத்துக்கும் காட்டியிருக்காது.

இல்லையென்றால் ஃப்ளிங்குக்கு மாறிவிடுங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம்.

அரைப்பக்க_மாடல் எழுதியது:

கடைசி_ஆஃப்செட், உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை உங்கள் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. இரவு ஓடும் அந்த பேட்ச் ஜாப்தான் உங்கள் ஸ்பெக், ‘எது சரி’ என்பதன் வரையறை. ‘ஒரு விண்டோ மூடப்பட்டு அதன் முடிவு வெளியே போய்விட்டால், அந்த எண், அதே நிகழ்வுகளை பேட்ச்சில் எண்ணினால் வரும் எண்ணாகவே இருக்க வேண்டும்.’ எழுத வேண்டிய இன்வேரியன்ட் இந்த ஒரு வாக்கியம்தான். ஸ்ட்ரீமுக்கு முடிவு வேண்டியதில்லை, எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் இது உண்மையாக இருந்தால் போதும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் வெள்ளைப் பலகை முன்னால் நின்றேன். உங்களிடம் அது தினமும் இரவில் ஓடிக்கொண்டிருக்கிறது!

தொடங்குவதைப் பற்றி. முழு ப்ரோகிராமையும் மாடலாக்கப் போகாதீர்கள். ஜேசன், ஸ்கீமா, நெட்வொர்க், சாதனத்தின் பெயர் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். ஒரே பார்ட்டிஷன், மூன்று நிகழ்வு, ஒரே விண்டோ. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அடுத்துப் படிக்க வேண்டிய இடம், மெமரியில் உள்ள எண்ணிக்கை, பார்த்த ஐடிகள், டிஸ்க்கில் உள்ள பிரதி, கமிட் ஆன ஆஃப்செட், ஒரு கடிகாரம், ப்ரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்பது. ஏழே மாறிகள்.

செயல்கள் ஆறு: படி, சேமி, கமிட், விழு, எழு, கடிகாரம் நகர். ஒவ்வொன்றுக்கும் ‘எப்போது நடக்கலாம், நடந்தால் எது எப்படி மாறும்’ என்று மட்டும் எழுதுவீர்கள். எந்த வரிசையில் நடக்கும் என்று எழுத மாட்டீர்கள். சாத்தியமான எல்லா வரிசைகளையும் டிஎல்ஏ பிளஸின் மாடல் செக்கரான டிஎல்சி தானே ஓட்டிப் பார்க்கும். மாடல் செக்கர் செய்வது அவ்வளவுதான். கேட்க முட்டாள்தனமான முறைபோல இருக்கும், ஆனால் நம் மூளை எந்த வரிசையை யோசிக்காமல் தாண்டிப் போகுமோ அதையும் அது விடாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, ‘சேமி’யையும் ‘கமிட்’டையும் தனித்தனிச் செயலாகவே எழுதுங்கள். கோடில் இரண்டு வரியாக இருப்பதை மாடலில் ஒரே படியாக எழுதினால், அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கும் பள்ளம் மறைந்துவிடும். நீங்கள் தேடுவதே அந்தப் பள்ளத்தைத்தான். புதிதாக எழுதுபவர்கள் பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள் என்பது என் எண்ணம், நானும் சறுக்கினேன்.

இன்னொன்று, கடிகாரம். 10 நிமிடம், 30 நொடி எதையும் மாடலுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஐடி காலாவதியாக ஒரு அலகுக்கு மேல் ஆக வேண்டும் என்று வையுங்கள். கடிகாரம் எப்போது வேண்டுமானாலும் நகரட்டும். ப்ரோகிராம் விழுந்து கிடக்கும்போதும் நகரட்டும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். டிஎல்சி உங்களிடம் நேராகச் சொன்னால்தான் டீம் லீடிடம் காட்ட முடியும்.

அளவை ஏன் இவ்வளவு சின்னதாக வைக்கச் சொல்கிறேன் என்றால்: இரண்டு பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் 5 நிகழ்வு என்றால் அவை ஒன்றோடொன்று கலந்து வரும் விதங்கள் மட்டும் 252. மூன்று பார்ட்டிஷனில் தலா 4 என்றால் 34,650. இதில் விழுவது, எழுவது, கடிகாரம் எதுவும் இன்னும் சேரவில்லை. பெரிதாக்கிக்கொண்டே போனால் மெஷின் மூச்சு வாங்கும், ஆனால் பெரும்பாலான பிழைகள் மூன்று நிகழ்வுக்குள்ளேயே தலையைக் காட்டிவிடும்.

என் மானம் போன கதை ஒன்று. முதன்முதலில் எழுதிய மாடல் ஒரே ஓட்டத்தில் பாஸ் ஆனது. சந்தோஷத்தில் டீமுக்கு மெயிலும் போட்டுவிட்டேன். மறுநாள்தான் கண்ணில் பட்டது, ‘படி’ செயலின் நிபந்தனையில் சிறியது என்பதற்குப் பதில் பெரியது என்று குறி போட்டிருந்தேன். ப்ரோகிராம் ஒரு நிகழ்வைக்கூடப் படிக்கவில்லை. எதையுமே செய்யாத ப்ரோகிராம் எந்தத் தவறும் செய்யாது, இல்லையா? ‘டெட்லாக்’ (அடுத்து எந்தச் செயலும் நடக்க வழியில்லை) என்று டிஎல்சி கத்தியிருக்கும். ஆனால் மூன்று நிகழ்வு தீர்ந்ததும் மாடல் நிற்கத்தானே செய்யும் என்று அந்தச் சோதனையை நானே அணைத்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த மாடல் எழுதினாலும் ‘வெளியீடு எப்போதும் காலி’ என்று ஒரு பொய்யான இன்வேரியன்ட்டை முதலில் போட்டு ஓட்டுவேன். அது உடைய வேண்டும். உடையாவிட்டால் மாடல் தூங்குகிறது என்று அர்த்தம்.

பழைய_பேட்ச் அண்ணா, ஃப்ளோட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, மாடலுக்கு அது தெரியாது. ஆனால் ஃப்ளிங்குக்கு மாறினால் தலைவலி போய்விடும் என்பதில் பாதிதான் உண்மை. ஃப்ளிங்கின் செக்பாயிண்ட் (நிலையை அவ்வப்போது சேமித்து வைப்பது), சாண்டியும் லாம்போர்ட்டும் 1985-ல் எழுதிய ஸ்னாப்ஷாட் அல்காரிதத்தின் வழியில் வந்தது. ஆஃப்செட்டும் நிலையும் ஒரே செக்பாயிண்ட்டுக்குள் போவதால் இவருடைய பள்ளம் அங்கே கிடையாது. ஆனால் ஃப்ளிங்குக்கு வெளியே எழுதும் முடிவு? அதற்கு டூ-ஃபேஸ் கமிட் சிங்க் (முதலில் தயார், பிறகு உறுதி என்று இரண்டு கட்டமாக வெளியே எழுதும் பகுதி) என்று 2017 கடைசியில் 1.4 பதிப்பில் கொடுத்தார்கள். வெளியே இருக்கும் சிஸ்டமும் அதற்கு ஒத்துழைத்தால்தான் பலிக்கும். பள்ளம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

டெஸ்ட் போதாதா என்றால், அமேசான்காரர்கள் 2015-ல் எழுதிய கட்டுரையில் டைனமோடிபி என்ற அவர்களுடைய டேட்டாபேஸ் பற்றி ஒரு வரி வரும். டிஎல்ஏ பிளஸ் காட்டிய ஒரு பிழைக்குப் போகும் மிகக் குறுகிய வழியே 35 படி. 35 படியைக் குத்துமதிப்பாக விழவைத்துப் பிடிக்க எத்தனை இரவு டெஸ்ட் ஓட்டுவீர்கள்?

கடைசி_ஆஃப்செட் எழுதியது:

ஆறு நாள் கழித்து வருகிறேன். நான்கு நாள் டிஎல்ஏ பிளஸின் எழுத்துமுறையோடு மல்லுக்கட்டு, ஒரு நாள் மாடல். பொய் இன்வேரியன்ட் உடைந்தது. அப்புறம் உண்மையான இன்வேரியன்ட்டைப் போட்டேன், அதுவும் சில நொடிகளிலேயே உடைந்தது. டிஎல்சியை ஒரே த்ரெட்டில் ஓட்டினேன், அப்போதுதான் மிகக் குறுகிய வழி கிடைக்கும் என்று படித்தேன். டிஎல்சி காட்டியதைத் தமிழில் எழுதுகிறேன்:

1. படி: முதல் நிகழ்வு. எண்ணிக்கை 1. ஐடி பட்டியலில் சேர்ந்தது, நேரம் 0.
2. சேமி: எண்ணிக்கையும் ஐடியும் டிஸ்க்கில். ஆஃப்செட் இன்னும் 0.
3. விழு.
4. கடிகாரம் நகர்: 1.
5. கடிகாரம் நகர்: 2.
6. எழு: டிஸ்க்கிலிருந்து எண்ணிக்கை 1. ஐடி காலாவதி, பட்டியல் காலி.
7. படி: அதே முதல் நிகழ்வு. எண்ணிக்கை 2.

ஏழே படி. நான்காம் படியைப் படித்ததுமே வயிற்றைப் பிசைந்தது. ஐடியை 10 நிமிடம் வைத்திருக்கிறோம் என்றோமே, அந்த 10 நிமிடம் சுவர்க்கடிகாரக் கணக்கு. ப்ரோகிராம் விழுந்து கிடக்கும் நேரமும் அதில் சேரும். என் டெஸ்ட் என்ன செய்தது? கில் செய்து உடனே எழுப்பியது. ஐடிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. டெஸ்ட் எப்படித் தவறும்?

லாக்கைத் தோண்டினேன். நான்கு சம்பவமும் ப்ரோகிராம் 10 நிமிடத்துக்கு மேல் நின்று எழுந்த பிறகு வந்தவை. மூன்று மாதமாக யாருக்கும் இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

திருத்தமும் யோசித்துவிட்டேன். எண்ணிக்கையையும் ஆஃப்செட்டையும் ஒரே டேட்டாபேஸில், ஒரே டிரான்ஸாக்ஷனில் (இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லையென்றால் எதுவும் பதியாது) எழுதுகிறோம்: ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + புதிதாக வந்தவை, ஆஃப்செட் = இவ்வளவு’. எழும்போது காஃப்காவின் கமிட்டைப் பார்க்காமல் டேட்டாபேஸில் உள்ள ஆஃப்செட்டிலிருந்து படிக்கிறோம். மாடலில் சேமியும் கமிட்டும் இப்போது நியாயமாகவே ஒரே செயல். பாஸ் ஆகிவிட்டது. முடிந்ததா?

அரைப்பக்க_மாடல் எழுதியது:

முடியவில்லை. உங்கள் மாடலில் ஒரே ஒரு வொர்க்கர்தான் (நிகழ்வுகளைப் படிக்கும் ப்ரோகிராமின் ஒரு பிரதி) இருக்கிறார், சரியா? இன்னொருவரைச் சேருங்கள். ‘பார்ட்டிஷன் கைமாறு’ என்று ஒரு செயல் போடுங்கள். கைமாறியது பழைய வொர்க்கருக்கு உடனே தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிஜத்தில் தெரியாது. கார்பேஜ் கலெக்ஷனில் (மெமரியைத் துப்புரவாக்கும் வேலை) சிக்கி அவர் உறைந்து நிற்கும்போது, செத்துவிட்டார் என்று நினைத்து காஃப்கா பார்ட்டிஷனை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் இவர் கண்ணை விழித்து, ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

கடைசி_ஆஃப்செட் எழுதியது:

உடைந்தது. இந்த முறை ஐந்தே படி, ப்ரோகிராம் விழவே இல்லை.

பழையவர் முதல் நிகழ்வைப் படிக்கிறார், இன்னும் சேமிக்கவில்லை. பார்ட்டிஷன் கைமாறுகிறது, புதியவர் டேட்டாபேஸில் ஆஃப்செட் 0 என்று பார்க்கிறார். புதியவர் அதே நிகழ்வைப் படிக்கிறார். புதியவர் சேமிக்கிறார்: எண்ணிக்கை 1, ஆஃப்செட் 1. பழையவர் சேமிக்கிறார்: எண்ணிக்கை 2, ஆஃப்செட் 1.

டிரான்ஸாக்ஷன் என்று எழுதியதாலேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இரண்டு டிரான்ஸாக்ஷனும் தனித்தனியாகப் பார்த்தால் குறையே இல்லாதவை!

இப்போது டிரான்ஸாக்ஷனுக்குள் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன்: ‘டேட்டாபேஸில் உள்ள ஆஃப்செட், நான் தொடங்கிய ஆஃப்செட்டாகவே இருந்தால் மட்டும் எழுது, இல்லையென்றால் மொத்தத்தையும் கைவிடு’. இதில் பழையவர் முந்திக்கொண்டால் புதியவரும் தள்ளப்படலாம், அப்போது அவர் டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு தொடர வேண்டும். இரண்டு வொர்க்கர், மூன்று நிகழ்வு, இரண்டு கைமாற்றம் வரை பாஸ்.

நாலாவது_பார்ட்டிஷன் எழுதியது:

நடுவில் நுழைகிறேன். இதுவரை பேசியது எல்லாம் ‘கெட்டது நடக்காது’ வகை. ‘நல்லது நடந்தே தீரும்’ என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: ‘திறந்த ஒவ்வொரு விண்டோவும் ஒருநாள் மூடும்’. இந்த ‘ஒருநாள்’ என்பதை லாஜிக்குக்குள் எழுத டெம்போரல் லாஜிக் வேண்டும். ப்ரோகிராம்களுக்கு அதைக் கொண்டுவரலாம் என்று அமீர் ப்னுவேலி 1977-ல் காட்டினார், 1996-ல் டூரிங் விருதும் வாங்கினார்.

நான் இதைக் கேட்டபோது டிஎல்சி காட்டியது, ஒரு பார்ட்டிஷனில் நிகழ்வே வராத நிலை. வாட்டர்மார்க் என்பது ‘இந்த நேரம் வரையிலான நிகழ்வுகள் வந்துவிட்டன’ என்ற குறி, அது விண்டோவின் முடிவைத் தாண்டினால்தான் விண்டோ மூடும். அது எப்படிக் கணக்கிடப்படும்? எல்லா பார்ட்டிஷனின் வாட்டர்மார்க்கிலும் சிறியது எதுவோ அதுதான். ஒன்று சும்மா இருந்தால் அது நகராது, அது நகராவிட்டால் மொத்தமும் நகராது. மீதி பார்ட்டிஷன்களில் நிகழ்வு கொட்டிக்கொண்டே இருக்கும், விண்டோ ஒன்றுகூட மூடாது. கணக்கு தவறவில்லை, கணக்கே வரவில்லை. சும்மா இருப்பதைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைக்க ஒரு டைம்அவுட் வேண்டும். அந்த டைம்அவுட்டைச் சேர்த்ததும், ஒதுக்கிய பார்ட்டிஷன் திரும்ப வந்து பழைய நேரத்து நிகழ்வைக் கொடுத்தால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்வி வரும். அதை அப்புறம் பார்ப்போம்.

இரண்டு எச்சரிக்கை. ஃபேர்னஸ் நிபந்தனை (நடக்க முடிகிற செயல் என்றாவது நடந்தே தீரும் என்பது) போடாமல் இதை ஓட்டினால், ‘ப்ரோகிராம் எதுவும் செய்யாமல் என்றென்றும் நின்றது’ என்று டிஎல்சி ஒரு உப்புச்சப்பில்லாத விடையைத் தரும். அது பிழை இல்லை, நீங்கள் கேட்க மறந்தது. இன்னொன்று, ஸ்டேட் குறையட்டும் என்று நிகழ்வுகளை சிமெட்ரி செட்டாக (ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தாலும் வித்தியாசமில்லை என்று) வைத்திருந்தால், இந்த மாதிரிக் கேள்விக்கு அதை எடுத்துவிடுங்கள், விடை தப்பாக வரலாம்.

பழைய_பேட்ச் எழுதியது:

ஏழு படி விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மாடல் ஒரு பக்கம் பாஸ் ஆகிறது, அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கோடில் இரண்டு வரியை இடம் மாற்றுகிறார். அப்போது மாடல் என்ன செய்யும்?

அரைப்பக்க_மாடல் எழுதியது:

ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும். அதில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாடலில் உடைந்த ஒவ்வொரு வழியையும் நிஜ கோடுக்கு ஒரு டெஸ்ட்டாக எழுதிவிடுவேன். இவருடைய ஏழு படி இருக்கிறதே, ப்ரோகிராமுக்குப் போலிக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, சேமித்ததும் கில் செய்து, கடிகாரத்தை 11 நிமிடம் தள்ளி, எழுப்பிப் பார்க்கும் டெஸ்ட். எழுத ஒரு மணி நேரம் ஆகுமா? இந்த டெஸ்ட்டை எழுத முடியாமல் இத்தனை நாள் தடுத்தது நேரம் இல்லை, எதை எழுத வேண்டும் என்பது தெரியாததுதான். இரண்டு வரியை யாராவது இடம் மாற்றினால் இது கத்தும்.

அடுத்தது, ஓடும் ப்ரோகிராமுக்குள்ளேயே காவல் வைப்பது. ‘ஒரு பார்ட்டிஷனின் ஆஃப்செட் பின்னால் போகக் கூடாது’, ‘ஒருமுறை மூடிய விண்டோவின் எண் மாறக் கூடாது’. இன்வேரியன்ட்டுகளில் நிஜ நேரத்தில் பார்க்கக்கூடியவற்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இது ரன்டைம் வெரிஃபிகேஷன் என்ற தனித் துறை. லோலா என்று 2005-ல் வந்த மொழி இதற்கென்றே பிறந்தது: வருவதும் ஸ்ட்ரீம், அதைக் கண்காணிப்பதும் ஸ்ட்ரீம். அதன் வழியில் வந்த ஆர்டிலோலாவை ட்ரோன்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அந்த மொழி வேண்டியதில்லை, யோசனை போதும்.

மாடலின் வரம்பு பற்றி நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும். நாங்களும் விண்டோ முடிவை வெளியே எழுதுவோம், சாதனமும் விண்டோவும் சேர்ந்ததுதான் சாவி, அதே சாவி மறுபடி வந்தால் மேலெழுதிவிடும். மறுபடி எழுதினாலும் அதே எண்தானே என்று நிம்மதியாக இருந்தோம். மாடல் பாஸ். ஆறு மாதம் கழித்து ஒரு விண்டோவில் 57 இருந்த இடத்தில் 1 இருக்கிறது.

நடந்தது இது. விண்டோ மூடி 57 எழுதியாகிவிட்டது, மெமரியிலிருந்து அதைத் துடைத்தும் ஆயிற்று. ப்ரோகிராமை அப்டேட்டுக்காக நிறுத்தி எழுப்பினோம். எண்ணிக்கை, ஆஃப்செட் எல்லாம் டிஸ்க்கிலிருந்து வந்தன. வாட்டர்மார்க்கை மட்டும் யாரும் சேமிக்கவில்லை, அது அடியிலிருந்து தொடங்கியது. எழுந்ததும் முதலில் வந்து சேர்ந்தது தாமதமாக வந்த ஒரு நிகழ்வு. விழுவதற்கு முன் வந்திருந்தால் ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று தள்ளியிருப்போம். இப்போது வாட்டர்மார்க் தரையில் கிடக்கிறது, எனவே தாமதம் என்றே தெரியவில்லை. பழைய விண்டோவைப் புதிதாகத் திறந்து, 1 என்று எண்ணி, அடுத்த நிகழ்வுகள் வாட்டர்மார்க்கைத் தள்ளியதும் மூடி, 57-ன் மேல் 1 என்று எழுதிவிட்டது.

மாடல் ஏன் பிடிக்கவில்லை? நான் ஒரே ஒரு விண்டோ வைத்திருந்தேன். வாட்டர்மார்க் தாண்டிச் செல்ல மாடலில் இடமே இல்லை. இரண்டு விண்டோ ஆக்கி, தாமதமாக வரும் நிகழ்வு ஒன்றைச் சேர்த்ததும் டிஎல்சி அதே கதையை வரி பிசகாமல் சொன்னது. மூன்று நிகழ்வு போதும் என்று மேலே நான்தான் எழுதினேன். நிகழ்வு மூன்று போதும், விண்டோ ஒன்று போதாது. எதைச் சின்னதாக்குவது என்பதில் கைப்பழக்கம் வர வேண்டியிருக்கிறது.

கடைசி_ஆஃப்செட், தாமத நிகழ்வுகளைத் தள்ளும் பழக்கம் உங்களிடமும் இருந்தால் இன்வேரியன்ட்டையும் திருத்த வேண்டியிருக்கும். பேட்ச் ஜாப் எல்லாவற்றையும் எண்ணும், ஸ்ட்ரீம் எண்ணாது, இரண்டும் ஒன்றாக இருக்காது. ‘தள்ளியவை’ என்று மாடலில் ஒரு செட் வைத்து, எண்ணியதும் தள்ளியதும் சேர்ந்தால் படித்தது முழுதும் வர வேண்டும், ஒரே நிகழ்வு இரண்டிலும் இருக்கக் கூடாது என்று எழுதுங்கள். தாமதமாக வராததைத் தள்ளக் கூடாது என்பதும் வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் தள்ளிவிடும் ப்ரோகிராம் பாஸ் ஆகும். என் பழைய மெயில் கதை மாதிரி.

நாலாவது_பார்ட்டிஷன் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தத் தொல்லையெல்லாம் எங்கிருந்து தொடங்குகிறது என்று யோசித்தால், ஜில் கான் 1974-ல் எழுதியது நினைவுக்கு வரும். ப்ராசஸ்களை க்யூக்களால் இணைத்து, ஒவ்வொன்றும் ‘இந்தக் க்யூவிலிருந்து வரும்வரை காத்திருப்பேன்’ என்று மட்டும் படித்தால், எந்த வேகத்தில் எது ஓடினாலும் விடை மாறாது. நாம் ‘எது முதலில் வருகிறதோ அதை எடு’ என்று இரண்டு பார்ட்டிஷனைக் கலக்கிறோம் பாருங்கள், அந்த இடத்திலேயே உத்தரவாதம் போய்விடுகிறது. கலக்கும் இடம், கடிகாரம் பார்க்கும் இடம், விழுந்து எழும் இடம். மாடலில் இந்த மூன்றையும் மட்டும் வைத்தால்கூடப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

1980-களில் வந்த லஸ்டர் மொழியில் ஒவ்வொரு மாறியும் ஒரு ஸ்ட்ரீம்தான். அதிலிருந்து வளர்ந்த ஸ்கேட் என்ற கருவியை ஏர்பஸ் விமானங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஸ்ட்ரீம் ப்ரோகிராமைச் சரிபார்ப்பது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. நம் பக்கம் வரத்தான் தாமதம்.

பழைய_பேட்ச் எழுதியது:

57-க்குப் பதில் 1 என்ற கதை பிடித்திருந்தது, என் கட்சிக்குச் சாதகமாக இருப்பதால் மட்டும் இல்லை. போலிக் கடிகார டெஸ்ட்டைத் திருடிக்கொள்கிறேன். எங்கள் ஐடி பட்டியலும் சுவர்க்கடிகாரத்தில்தான் காலாவதி ஆகிறது என்று இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

கடைசி_ஆஃப்செட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் முடிந்தது, நிலவரம் இது.

எண்ணிக்கை, ஆஃப்செட், வாட்டர்மார்க் மூன்றும் ஒரே டிரான்ஸாக்ஷனில், நிபந்தனையோடு. வாட்டர்மார்க்கை நாங்களும் சேமிக்காமல்தான் விட்டிருந்தோம். அந்தப் பிழை எங்களிடம் இன்னும் வெடிக்கவில்லை, அவ்வளவுதான். ஐடி பட்டியலை முழுக்க எடுக்கவில்லை, சாதனமே ஒரே நிகழ்வை இரண்டு முறை அனுப்பும் வழக்கம் உண்டு. ஆனால் காலாவதி இனி நிகழ்வின் நேரத்தை வைத்து, சுவர்க்கடிகாரத்தை வைத்து இல்லை.

மாடல் இப்போது ஒன்றரைப் பக்கம். இரண்டு விண்டோ, இரண்டு வொர்க்கர், மூன்று நிகழ்வு, அதில் ஒன்று தாமதம். மதியம் சாப்பிடப் போகும்போது ஓடவிட்டால் திரும்புவதற்குள் முடிந்திருக்கிறது. மாடல் ஃபைலைத் தனி இடத்தில் வைக்காமல், சேமிக்கும் கோட் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து, அந்த கோடைத் தொட்டால் மாடலையும் பார்க்கச் சொல்லி ரிவ்யூ விதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

டீம் லீடிடம் ஏழு படியைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். டிஎல்ஏ பிளஸ் என்ற பெயரையே எடுக்கவில்லை. ஐந்தாம் படிக்கு வரும்போது அவரே ‘ஐயோ, ஐடி போயிருக்குமே’ என்றார்.

சும்மா இருக்கும் பார்ட்டிஷன் பற்றிய கேள்வியை நேற்று இரவு ஓட்டினேன். எங்களிடம் அந்த டைம்அவுட் கிடையாது, மாடலிலும் கோடிலும். அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.